கல் உடைந்தது, வெளியேறியதா?

மலர்க்குழு நண்பர்கள் இந்த ஆண்டு என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். "இலக்கியமெல்லாம் எனக்கு வராதே" என்றேன். "உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்க சார், அது போதும்" என்றார்கள். எனக்குத் தெரிந்தது கல். தில்லி மருத்துவமனை ஒன்றில், சிறுநீரகக் கல்லை உடைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் இருபத்திரண்டு வருடம் டெக்னீஷியனாக நின்று ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் அல்ல. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் எனக்கு மகிழ்ச்சி.

வடக்கே வந்து குடியேறிய நமக்கு இந்த விஷயம் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. குஜராத், ராஜஸ்தான், ஹரியானா, பஞ்சாப், தில்லி ஆகியவை சிறுநீரகக் கல் அதிகம் காணப்படும் பகுதிகள். மே, ஜூனில் லூ காற்று அடிக்கும்போது உடம்பின் நீர் வியர்வையாகவே போய்விடுகிறது. காற்று வறண்டிருப்பதால் வியர்த்ததே தெரிவதில்லை. சிறுநீர் கெட்டியாகிறது, அதில் கரைந்திருந்த உப்புகள் படிந்து கல்லாகின்றன.

அண்ணாச்சியின் கல்

2006ஆம் ஆண்டு மே மாதம். எங்கள் எதிர் ஃப்ளாட்டில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் குடியிருந்தார். மத்திய அரசு உத்தியோகம். காலனியில் தமிழர் எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'தான். அவருடைய இடது சிறுநீரகத்தில் 16 மி.மீ. கல். நான் வேலை பார்த்த இடத்துக்கே சிகிச்சைக்கு வந்தார். இரண்டு சிட்டிங். இரண்டாவது முடிந்ததும் திரையைப் பார்த்தேன். கல் இருந்த இடத்தில் பொடி, மேகம் மாதிரி பரவியிருந்தது. சந்தோஷத்தில், "அண்ணாச்சி, கல் உடைஞ்சிடுச்சு!" என்று சொன்னேன். அவர் படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லாருங்க தம்பி" என்றார்.

நான் சொன்னது, கல் உடைந்தது என்று. அவர் எடுத்துக்கொண்டது, கல் போய்விட்டது என்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றியதுதான் இக்கட்டுரை. அண்ணாச்சியின் மீதிக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பழைய பெயர் சொல்லும் உண்மை

நம் சித்த மருத்துவத்தில் இந்த நோய்க்குக் 'கல்லடைப்பு' என்று பெயர். யோசித்துப் பார்த்தால் மிகப் பொருத்தமான பெயர். சிறுநீரகத்துக்குள் கல் சும்மா இருக்கும்வரை பலருக்கு அது இருப்பதே தெரியாது. அது நகர்ந்து வழியை அடைக்கும்போதுதான் ஆபத்து.

அந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம். சிறுநீரகத்துக்குள் சிறு கிண்ணங்கள் போன்ற அறைகள் மேலே, நடுவே, கீழே என்று இருக்கின்றன. ஒவ்வொரு கிண்ணமும் ஒரு குறுகிய கழுத்து வழியாக, நடுவிலுள்ள புனல் போன்ற அறையில் திறக்கிறது. புனலின் அடியிலிருந்து கிளம்பும் சிறுநீர்க்குழாயை யூரிட்டர் என்பார்கள். சுமார் 25 செ.மீ. நீளம். உள்வழி சில மி.மீ. அகலம்தான். சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடத்தில் அது இன்னும் குறுகல். உடைந்த துண்டு ஒவ்வொன்றும் இந்த வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

விமானக் கம்பெனி தந்த வைத்தியம்

ஜெர்மனியின் டோர்னியர் விமானக் கம்பெனி, வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதும்போது உண்டாகும் அதிர்வலைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆராய்ச்சியின் கிளையாகப் பிறந்ததுதான் கல் உடைக்கும் இயந்திரம். 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌஸி என்ற மருத்துவரும் குழுவினரும் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இந்தச் சிகிச்சையைக் கொடுத்தார்கள். 1984இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. ஆரம்ப காலத்தில் மயக்க மருந்து கொடுத்து, நோயாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிச் செய்தார்கள். இப்போது தொட்டி இல்லை. தண்ணீர் நிரப்பிய ஒரு மெத்தைப் பை, இடுப்பின் பக்கவாட்டில் ஜெல் தடவிய தோலோடு ஒட்டி நிற்கிறது.

அதன் தத்துவம் எளிமையானது. சிறு வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்கியிருப்போம். வழியெல்லாம் சூடு தெரியாது, குவியும் புள்ளியில் மட்டும் கருகும். அதேபோல அதிர்வலை உடம்புக்குள் பரவலாக நுழைந்து, கல் இருக்கும் புள்ளியில் குவிகிறது. ஒரு சிட்டிங்கில் ஏறக்குறைய 2,000 முதல் 3,000 அடிகள். கத்தி இல்லை, தையல் இல்லை, பலர் அன்று மாலையே வீடு திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் இயந்திரத்தின் வேலை உடைப்பதோடு முடிந்துவிடுகிறது. வெளியேற்ற வேண்டியது உடம்பு. அதனால்தான் ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில், ஒரே அளவு கல்லுக்குச் சிகிச்சை எடுத்த இருவரில் ஒருவர் பத்தே நாளில் சுத்தமாகிறார், இன்னொருவர் ஆறு மாதம் அலைகிறார்.

உடைவதைத் தீர்மானிப்பவை

முதலாவது, கல்லின் அளவு. பொதுவாக 10 மி.மீ.க்குக் கீழே இருந்தால் வெற்றி வாய்ப்பு அதிகம். 10 முதல் 20 வரை, மற்ற விஷயங்களையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 20 மி.மீ.க்கு மேல் என்றால் பெரும்பாலும் பி.சி.என்.எல். எனப்படும், முதுகில் சிறு துளையிட்டு எடுக்கும் முறையைத்தான் டாக்டர்கள் முதலில் சொல்வார்கள். பெரிய கல் என்றால் பொடியும் நிறைய. அவ்வளவும் அந்த ஒரே சந்து வழியாக வர வேண்டும் அல்லவா?

இரண்டாவது, கல்லின் ஜாதி. எல்லாக் கல்லும் ஒன்றல்ல. யூரிக் அமிலக் கல் வெல்லக்கட்டி மாதிரி, சுலபமாக நொறுங்கும். கால்சியம் ஆக்ஸலேட்டில் ஒரு வகை நொறுங்கும். மோனோஹைட்ரேட் என்ற இன்னொரு வகை கொட்டைப்பாக்கு மாதிரி அடம் பிடிக்கும். சிஸ்டின், புருஷைட் என்ற அபூர்வக் கற்களும் கடினமானவையே.

உடைக்கும் முன்பே கல்லின் கடினத்தைக் கணிக்க முடியுமா? ஓரளவு முடியும். சி.டி. ஸ்கேனில் கல்லின் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் அளக்கிறார்கள். நம் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் 30 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு இது: 500 அலகுக்குக் கீழே இருந்த 12 பேருக்கும் வெற்றி. 500 முதல் 1,000 வரை இருந்த 7 பேரில் 6 பேருக்கு வெற்றி. 1,000க்கு மேல் இருந்த 11 பேரில் 6 பேருக்குத்தான் வெற்றி. சிறிய ஆய்வுதான். ஆனால் பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின. ஸ்கேன் ரிப்போர்ட்டில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள்.

மூன்றாவது, தோலிலிருந்து கல் இருக்கும் தூரம். பருமனானவர்களுக்கு அலை அதிக தூரம் உள்ளே போக வேண்டும். போகப் போக அதன் வலு குறைகிறது. இந்தத் தூரம் 10 செ.மீ.யைத் தாண்டினால் வெற்றி வாய்ப்பு இறங்குகிறது.

நான்காவது, எங்கள் கைவேலை. இதை வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். ஜெல்லுக்குள் காற்றுக்குமிழ் இருந்தால் அலை அங்கேயே திரும்பிவிடும். பரிசோதனைக் கூடத்தில் செயற்கைக் கல்லை வைத்துப் பார்த்ததில், தொடும் பரப்பில் 2 சதவீதம் காற்று இருந்தாலே உடைப்பு 20 முதல் 40 சதவீதம் வரை குறைந்தது. கையால் ஜெல்லைத் தடவித் தேய்த்தால் குமிழ் கூடும். பெரிய வாயுள்ள பாட்டிலிலிருந்து மொத்தமாகக் குவித்துவிட்டு, மெத்தையை மெதுவாக அழுத்தினால் குமிழ் குறையும். இது தெரியாமலே பல வருடம் தேய்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

வேகமும் அப்படித்தான். நிமிடத்துக்கு 120 அடி கொடுத்தால் சீக்கிரம் முடியும், வெளியே காத்திருப்பவர்களின் வரிசையும் குறையும். ஆனால் நிமிடத்துக்கு 60 என்று நிதானமாகக் கொடுத்தால்தான் கல் நன்றாகப் பொடியாகிறது. குறைந்த சக்தியில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு. ஆகவே, "பக்கத்து டேபிளில் அரை மணியில் முடிச்சுட்டாங்க, எனக்கு மட்டும் ஒரு மணி நேரமா?" என்று கோபப்படாதீர்கள். மெதுவாகச் செய்வது உங்கள் நன்மைக்கே.

ஐந்தாவது, நோயாளியின் மூச்சு. மூச்சு இழுக்கும்போது சிறுநீரகம் கீழே இறங்கும், விடும்போது மேலே ஏறும். வலியில் நெளிந்தாலோ வேகமாக மூச்சு வாங்கினாலோ கல் குறியிலிருந்து விலகிவிடும். வலி இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். நல்ல வலி மருந்தும் வெற்றிக்கு ஒரு காரணம்.

வெளியேறுவதைத் தீர்மானிப்பவை

இனி இரண்டாம் பாதி. கல் எந்தக் கிண்ணத்தில் இருந்தது என்பதுதான் இங்கே முதல் கேள்வி. மேல் கிண்ணத்திலோ நடுவிலோ புனலிலோ இருந்தால், பொடி தன் எடையாலேயே கீழ்நோக்கி இறங்கும். கீழ்க்கிண்ணத்தில் இருந்தால் வெளியேற அது மேலே ஏறியாக வேண்டும். ஊரில் பித்தளைக் குடத்தில் தண்ணீர் வைத்திருப்போமே, அடியில் மண் தங்கினால் குடத்தைக் கவிழ்க்காமல் அது வராது. அதே கதைதான். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கீழ்க்கிண்ணக் கல் இருந்தவர்களில் அதிர்வலைச் சிகிச்சைக்குப் பின் மூன்றாம் மாதம் கல் முழுதும் நீங்கியிருந்தவர்கள் 37 சதவீதம். துளையிட்டு எடுத்தவர்களில் அது 95 சதவீதம். கல் 10 மி.மீ.க்கு மேல் என்றால் வித்தியாசம் இன்னும் கூடியது.

கீழ்க்கிண்ணத்திலும் எல்லோருக்கும் ஒரே அமைப்பு இல்லை. கிண்ணத்தின் கழுத்து புனலோடு சேரும் கோணம் விரிந்து, கழுத்து அகலமாகவும் குட்டையாகவும் இருந்தால் பொடி வெளியேறும். கோணம் செங்குத்தாக மடங்கி, கழுத்து நீண்டு, 5 மி.மீ.க்கும் குறுகலாக இருந்தால் பொடி அங்கேயே தங்கும். பிறவியிலேயே அமைந்த இந்த வடிவத்தை இயந்திரத்தால் மாற்ற முடியாது. இப்படிப்பட்டவர்களுக்கு, யூரிட்டர் வழியாக மெல்லிய வளையும் கருவியை விட்டு லேசரால் உடைக்கும் முறையை டாக்டர் சொல்லலாம். 'கத்தியில்லாத சிகிச்சை இருக்கும்போது இவர் ஏன் வேறு சொல்கிறார், காசு பிடுங்கவா?' என்று உடனே சந்தேகப்பட வேண்டாம். காரணம் கேளுங்கள்.

துண்டின் அளவும் முக்கியம். 4 மி.மீ.க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் தானாக வரும். மருத்துவ நூல்களில் இதற்குப் 'பொருட்படுத்த வேண்டாத மிச்சம்' என்ற கருத்தில் ஒரு பெயரே உண்டு. ஆனால் அந்த மிச்சமே விதையாகி மறுபடி கல் வளர்வதையும் நிறையப் பார்த்தாயிற்று. யூரிட்டரில் ஏற்கனவே குறுகல் இருந்தால் உடைத்துப் பயனில்லை, வழியைச் சரிசெய்துவிட்டுத்தான் உடைக்க வேண்டும். குழந்தைகளுக்கோ பெரியவர்களைவிடச் சுலபமாகப் பொடி வெளியேறும்.

சிலருக்கு டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைப்பார்கள். பொடி வந்து அடைத்துக்கொள்ளும் அபாயத்தைக் குறைக்கவே அது. அதனால் கல் முழுதும் வெளியேறும் விகிதம் கூடுவதில்லை. வைத்த ஸ்டென்ட்டைக் குறித்த தேதியில் எடுக்க மறந்துவிட்டால் அதன் மேலேயே கல் படியும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

தண்ணீர்தான் முதல் மருந்து. ஒரு நாளில் இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். தில்லி வெயிலில் அதற்கு மூன்று லிட்டருக்கு மேலேயே தேவைப்படும். இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்த வேண்டும். படுத்தே கிடக்காமல் நடமாடுங்கள். யூரிட்டரைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மாத்திரையை டாக்டர் எழுதியிருந்தால் விடாமல் சாப்பிடுங்கள்.

கீழ்க்கிண்ணத்தில் பொடி தங்கியவர்களுக்கு, தண்ணீர் குடிக்கச் செய்து, தலை தாழ, கால் உயரப் படுக்கவைத்து, விலாப்புறம் தட்டும் ஒரு முறை உண்டு. குடத்தைக் கவிழ்க்கும் வேலைதான். பலன் தருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ரத்த அழுத்தம், இதயம், கண் அழுத்தம் சம்பந்தமான நோயுள்ளவர்களுக்கு ஒத்துவராது என்பதால், டாக்டர் சொன்னால் மட்டும் செய்ய வேண்டும்.

வாழைத்தண்டுச் சாறு பற்றி எல்லோரும் கேட்பார்கள். குடியுங்கள், கெடுதல் இல்லை, நீர் உள்ளே போகிறது. ஆனால் சாறு குடிக்கிறேன் என்று எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள். ஆபீஸ் நண்பர்கள் பீர் சிபாரிசு செய்வார்கள். அது முதலில் சிறுநீரைப் பெருக்கிவிட்டு அப்புறம் உடம்பை வறட்டிவிடும், யூரிக் அமிலத்தையும் ஏற்றும். வேண்டாம்.

சிறுநீரைச் சில நாள் டீ வடிகட்டியில் வடித்துப் பாருங்கள். கிடைக்கும் துணுக்கைப் பத்திரப்படுத்தி லேபில் கொடுத்தால் கல்லின் ஜாதி தெரியும். அடுத்த கல்லைத் தடுக்க அந்த ரிப்போர்ட்தான் வழிகாட்டி.

சிறுநீரில் லேசாக ரத்தம் ஓரிரு நாள் வருவது சகஜம். ஆனால் குளிர்காய்ச்சல், தாங்க முடியாத வலி, ஓயாத வாந்தி, சிறுநீர் நின்றுபோதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் இரவு பகல் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அடைப்போடு காய்ச்சலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

வலியில்லாத அடைப்பு

இப்போது அண்ணாச்சியிடம் வருவோம். சிகிச்சை முடிந்த ஐந்தாம் நாள் அவர் ஊரில் ஒரு கல்யாணத்துக்காகத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். இரண்டு இரவுப் பயணம், பிறகு சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ். கோடை விடுமுறைக் கூட்டம். கழிப்பறைக்குப் போவதே சிரமம் என்று அவர் தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். நாக்பூர் பக்கம் கொஞ்சம் வலித்ததாம், ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாராம். வலி போய்விட்டது.

திரும்பி வந்தவரிடம், "எக்ஸ்ரே எடுத்துடலாம் அண்ணாச்சி" என்று மாடிப்படியில் இரண்டு தடவை சொன்னேன். "வலிதான் இல்லையே தம்பி, எதுக்கு வீணா?" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த மார்ச் மாதம், வேறு எதற்கோ அல்ட்ராசவுண்ட் எடுத்தபோது இடது சிறுநீரகம் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. பொடி முழுவதும் யூரிட்டரின் கீழ்ப்பகுதியில் வரிசையாக அடைத்து நின்றது. ஜெர்மானியர்கள் இதற்கு 'ஷ்டைன்ஷ்ட்ராஸெ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கல் வீதி என்று பொருள். அதிர்வலைச் சிகிச்சை எடுப்பவர்களில் நூற்றுக்கு 4 முதல் 7 பேருக்கு இது வரலாம். பலருக்கு வலிக்கும், சிலருக்கு வலியே இருக்காது. அடைப்பு மெதுவாக முற்றினால் சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கி, சில வாரங்களிலேயே நிரந்தரச் சேதம் தொடங்கிவிடும். கருவி விட்டுப் பொடியை எடுத்தார்கள். பிறகு ரீனோகிராம் சோதனையில், மொத்தச் செயல்பாட்டில் இடது சிறுநீரகத்தின் பங்கு 12 சதவீதம் என்று வந்தது. அது திரும்ப ஏறவே இல்லை.

அவர் யாரையும் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "ஒடஞ்சிட்டுன்னு சொன்னீங்களே தம்பி" என்று மட்டும் கேட்டார். பக்கத்தில் நின்ற அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிகிச்சையில் தவறில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். அது உண்மைதான். தவறு, என் வாயிலிருந்து வந்த பாதி வாக்கியத்தில் இருந்தது.

அன்று முதல் ஓய்வு பெறும்வரை, "உடைஞ்சிருக்கு, ஆனா இன்னும் வெளியே வரலை" என்றுதான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். எக்ஸ்ரே உறையின் மேல் முதல் பரிசோதனைத் தேதியையும் மூன்றாம் மாதத் தேதியையும் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். சிகிச்சை வெற்றியா தோல்வியா என்று பொதுவாக மூன்றாம் மாதம்தான் முடிவு கட்டுவார்கள். யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, அவர்களுக்கு அல்ட்ராசவுண்டோ சி.டி.யோ வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதினேன்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

சிகிச்சைக்கு முன்: கல் எத்தனை மி.மீ.? எந்தக் கிண்ணத்தில்? எத்தனை ஹவுன்ஸ்ஃபீல்டு? கீழ்க்கிண்ணம் என்றால் அதன் கோணமும் கழுத்தும் எப்படி? எனக்கு இந்த முறை ஏற்றதா, வேறு முறை நல்லதா? ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள பெண்களும், சிறுநீரில் கிருமித் தொற்று உள்ளவர்களும் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்: மறுபரிசோதனை எந்தத் தேதி? ஸ்டென்ட் இருக்கிறதா, எப்போது எடுக்க வேண்டும்? எப்போது நீண்ட பயணம் போகலாம்? ஊருக்குப் போயே ஆக வேண்டும் என்றால், போகும் முன் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு ஏறுங்கள். அங்கேயே மறுபரிசோதனை செய்துகொள்ள ரிப்போர்ட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அண்ணாச்சி ஓய்வு பெற்று இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறார். வலது சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. பொங்கலன்று போன் செய்வார். "தண்ணி நெறைய குடிக்கேன் தம்பி" என்பதுதான் அவர் முதலில் சொல்லும் வார்த்தை. இந்தக் கட்டுரை எழுத அவரிடம் அனுமதி கேட்டபோது, "தாராளமா எழுதுங்க, நாலு பேருக்கு உபயோகப்படட்டும்" என்றார்.

உங்கள் வீட்டில் யாராவது அதிர்வலைச் சிகிச்சை எடுத்து, வலி நின்றுவிட்டது என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் இருக்கிறார்களா? இந்த வாரமே அவர்களை அழைத்துப் போங்கள்.